சம்பளப் பட்டியல் டேலி ஆனது, ஆனாலும் ஒருவருக்கு 540 ரூபாய் குறைந்தது: நீங்கள் எப்படிச் சரிபார்க்கிறீர்கள்?

நூல்கண்டு எழுதியது:

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. சுமார் 140 பேர், எல்லோருக்கும் வாரச் சம்பளம். டெய்லர்களுக்கு பீஸ் ரேட். செக்கிங், அயர்ன், பேக்கிங் ஆட்களுக்கு ஷிப்ட் கணக்கு. ஒவ்வொரு லைனுக்கும் சூப்பர்வைசர் ஒரு நோட்டு வைத்திருப்பார். யார் எத்தனை பீஸ், என்ன ரேட், வாரத்துக்கு மொத்தம் எவ்வளவு என்று எழுதி வெள்ளி ராத்திரி கொடுத்துவிடுவார். சனிக்கிழமை காலையில் நான் அதை எக்செலில் ஏற்றி, மதியத்துக்குள் பேங்குக்கு ஃபைல் அனுப்ப வேண்டும்.

இந்தத் திங்கட்கிழமை ஓவர்லாக் அடிக்கும் அக்கா ஒருவர் வந்து, "கண்ணு, எனக்கு 540 ரூபாய் குறையுது பாரு" என்றார். நோட்டில் 4,820. என் பட்டியலில் 4,280. அன்றைக்கே கொடுத்துவிட்டோம். ஆனால் எனக்கு மனது ஆறவில்லை. அனுப்புவதற்கு முன் நான் இரண்டு தடவை சரிபார்த்தேன். பட்டியலின் மொத்தம், பேங்க் ஃபைலின் மொத்தம், டேலி மென்பொருளில் போட்ட வவுச்சர், மூன்றும் பைசா பிசகாமல் ஒத்துப்போயின. எல்லாம் ஒத்துப்போன பிறகும் தப்பு இருந்தது.

அந்த அக்கா தினமும் தன் பீஸ் எண்ணிக்கையைத் துண்டுச்சீட்டில் எழுதி வைப்பவர். அதனால் கண்டுபிடித்தார். எழுதி வைக்காதவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? உங்கள் அலுவலகங்களில் எப்படிப் பார்க்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

காசாளர்_ஓய்வு எழுதியது:

அம்மா, முதலில் ஒரு விஷயம். நீங்கள் இரண்டு தடவை பார்த்தது ஒரே தாளைத்தான். பட்டியல், பேங்க் ஃபைல், வவுச்சர் மூன்றும் ஒரே தாயின் பிள்ளைகள். பட்டியலில் 4,280 என்று ஏறிவிட்டால் மற்ற இரண்டிலும் அதேதான் வரும். அவை ஒத்துப்போவதால் தெரிவது, நகல் சரியாக எடுத்திருக்கிறீர்கள் என்பது மட்டும்தான். நோட்டோடு ஒத்துப்போகிறதா என்று யாரும் கேட்கவே இல்லை.

நான் வங்கியில் 36 வருடம் இருந்தவன். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் லெட்ஜர் பேலன்சிங் என்றால் ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் தாளில் எழுதிக் கூட்டி, ஜெனரல் லெட்ஜரில் உள்ள தொகையோடு ஒப்பிடுவோம். இரண்டையும் எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள், எழுதிய வழியும் வேறு. அதனால்தான் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பு இருந்தது. இரண்டு ரூபாய் வித்தியாசத்துக்காக ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்த நாட்கள் உண்டு. இரண்டு ரூபாய்தானே என்று விட முடியாது. ஒரு கணக்கில் 5,000 கூடி இன்னொரு கணக்கில் 4,998 குறைந்தாலும் வித்தியாசம் இரண்டு ரூபாய்தான்.

உங்களுக்கு நான் சொல்வது: சூப்பர்வைசர் நோட்டைக் கொடுக்கும்போதே லைன் மொத்தத்தைக் கூட்டி, அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். நீங்கள் ஏற்றி முடித்த பிறகு அந்த லைனுக்கு எக்செல் காட்டும் மொத்தத்தை அதோடு ஒப்பிடுங்கள். கூட்டியவர் அவர், ஏற்றியவர் நீங்கள். இரண்டு பேரும் ஒரே ஆளிடம் ஒரே தப்பைச் செய்வது அபூர்வம்.

அப்புறம், 540 என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. 9 ஆல் வகுத்தால் 60, மீதி இல்லை. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9 ஆல் வகுபடும். 540 என்பது 90 ஆறு தடவை. அப்படியானால் நூறாம் இடமும் பத்தாம் இடமும் மாறியிருக்கிறது, அந்த இரண்டு இலக்கங்களுக்கும் இடையே ஆறு வித்தியாசம். 8, 2. அல்லது 7, 1. அல்லது 9, 3. அல்லது 6, 0. பட்டியலில் அப்படி வரும் தொகைகளை மட்டும் பார்த்தால் போதும், இரண்டு நிமிட வேலை.

நூல்கண்டு எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. படித்ததும் நோட்டை எடுத்து மூன்றாவது லைனைக் கூட்டினேன். 22 டெய்லர்கள். நோட்டில் 98,460. என் பட்டியலில் 97,920. அதே 540. சனிக்கிழமை இதைச் செய்திருந்தால் அந்த அக்கா திங்கட்கிழமை வந்து நிற்க வேண்டியிருக்காது.

ஒரு சந்தேகம். 9 ஆல் வகுபட்டால் கட்டாயம் இலக்கம் மாறிய தப்புதானா?

காசாளர்_ஓய்வு எழுதியது:

கட்டாயம் இல்லை. ஒரு பூஜ்யம் விட்டுப்போனாலும் 9 ஆல் வகுபடும். 4,500 ஐ 450 என்று போட்டால் வித்தியாசம் 4,050. அதை 9 ஆல் வகுத்தால் 450, தப்பாக ஏறிய தொகையே வந்து நிற்கும். சும்மா தற்செயலாகவும் ஒன்பதில் ஒரு தடவை வகுபடும். எங்கிருந்து தேட ஆரம்பிக்கலாம் என்பதற்கு அது ஒரு வழிகாட்டி, அவ்வளவுதான்.

இன்னொன்றும் வைத்துக்கொள்ளுங்கள். டிரயல் பேலன்ஸ் மாதிரி இரண்டு பக்கம் உள்ள கணக்கில் வித்தியாசம் வந்தால் அதைப் பாதியாக்கிப் பாருங்கள். பற்றில் போட வேண்டியதை வரவில் போட்டிருந்தால் வித்தியாசம் அந்தத் தொகையின் இரட்டிப்பாக வரும். 3,700 வித்தியாசம் என்றால் 1,850 க்கு ஒரு பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள்.

லோடு_கணக்கு எழுதியது:

நாமக்கல், லாரி புக்கிங் ஆபீஸ். ஐயா சொன்ன ஒன்பது விதியில் நான் ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன், அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஜி.எஸ்.டி. சேர்த்து 11,800 ரூபாய்க்கு ஒரு உதிரிபாக பில். வரி 18 சதவீதம். வரி இல்லாத தொகை வேண்டும் என்று எங்கள் பையன் 11,800 இல் 18 சதவீதத்தைக் கழித்து 9,676 என்று போட்டுவிட்டான். சரியான தொகை 10,000. 11,800 ஐ 118 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்க வேண்டும். வரி 10,000 மேல் போட்டது, 11,800 மேல் போட்டதில்லையே.

வித்தியாசம் 324. 9 ஆல் வகுத்தால் சரியாக 36. நான் இலக்கம் மாறியிருக்கிறது என்று அரை நாள் தேடினேன். பிறகுதான் உறைத்தது. வரி விகிதமே 18, மத்திய அரசுக்கான சி.ஜி.எஸ்.டி. 9, மாநில அரசுக்கான எஸ்.ஜி.எஸ்.டி. 9. அடிப்படைத் தொகை முழு நூறுகளாக இருந்தால் வரியும் 9 ஆல் வகுபடத்தான் செய்யும். ஆகவே 18 சதவீத பில்கள் நிறைய இருக்கும் கணக்கில், ஒரு பில்லின் வரி விட்டுப்போனாலும் வித்தியாசம் ஒன்பதின் மடங்காக வரலாம். முதலில் விட்டுப்போன வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் இலக்கங்களைத் தேடுங்கள்.

இதற்கு நான் இப்போது செய்வது திருப்பிப் போட்டுப் பார்ப்பது. வரி இல்லாத தொகை வந்ததும் அதன் மேல் 18 சதவீதம் கூட்டிப் பார்ப்பேன். 9,676 மேல் கூட்டினால் 11,418 தான் வருகிறது. பில் தொகை வரவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும்.

மலைக்கோட்டை எழுதியது:

பள்ளியில் சொல்லிக் கொடுத்த இலக்கக் கூட்டல் முறையையும் பயன்படுத்தலாமே? எல்லா இலக்கங்களையும் கூட்டி ஓரிலக்கமாக்கி இரண்டு பக்கமும் ஒப்பிடுவது. பெருக்கலைச் சரிபார்க்க நன்றாக உதவும்.

காசாளர்_ஓய்வு எழுதியது:

பெருக்கலுக்குச் சரி. ஆனால் இந்தத் தப்புக்கு உதவாது தம்பி. 4,820 இன் இலக்கங்களைக் கூட்டினாலும் 14, 4,280 ஐக் கூட்டினாலும் 14. இலக்கங்கள் அதேதான், இடம் மட்டும்தானே மாறியிருக்கிறது. அந்த முறையின் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. எந்தச் சோதனை எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும் என்று தெரிந்துகொண்டுதான் கையில் எடுக்க வேண்டும்.

நிகரத்தொகை எழுதியது:

சென்னையில் சம்பளப் பட்டியல் போடும் பிரிவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். இலக்கம் மாறுவது கையால் ஏற்றுவதில் வரும் தப்பு. எங்களை அதிகம் வாட்டுவது ரவுண்டிங்.

பி.எஃப். எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் 15,000 என்றால் நிறுவனத்தின் பங்கு 12 சதவீதம், 1,800 ரூபாய். அதில் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்கு, மீதி 3.67 சதவீதம் பி.எஃப். கணக்குக்கு. முதலாவது 1,249.50, முழு ரூபாயாக்கினால் 1,250. இரண்டாவது 550.50, முழு ரூபாயாக்கினால் 551. கூட்டினால் 1,801. ஒரு ஆளுக்கு ஒரு ரூபாய் அதிகம். 600 பேர் இருந்தால் 600 ரூபாய், மாதா மாதம். எனவே இரண்டையும் தனித்தனியாகப் பெருக்கக் கூடாது. 1,800 இல் 1,250 ஐக் கழித்து 550 என்று எடுக்க வேண்டும். பிரித்துக் கொடுக்கும் எந்தத் தொகையிலும் கடைசிப் பங்கைக் கழித்துத்தான் எடுக்க வேண்டும் என்பது நான் பழகிக்கொண்ட விதி.

இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இன்னொரு மாதிரி. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். 2019 ஜூலையிலிருந்து இந்த விகிதம். தொழிலாளி பங்கில் பைசா வந்தால் அடுத்த ரூபாய்க்கு ஏற்ற வேண்டும். 17,360 க்கு 130.20 வருகிறது, பிடிக்க வேண்டியது 131. வழக்கமான ரவுண்டிங் போட்டிருந்தால் 130 என்று வந்து, போர்ட்டல் காட்டும் தொகையோடு ஒத்துப்போகாது.

எக்செலில் இன்னொரு ஆபத்து. கட்டத்தில் இரண்டு தசம இடம் தெரிகிற மாதிரி அமைத்தால் உள்ளே இருக்கும் எண் மாறிவிடாது. 130.504 உள்ளே அப்படியேதான் இருக்கும், கண்ணுக்கு மட்டும் 130.50 என்று தெரியும். நூறு பேருக்குக் கூட்டும்போது தெரிகிற எண்களின் கூட்டல் ஒன்று, எக்செல் காட்டும் கூட்டல் இன்னொன்று. ரவுண்ட் ஃபார்முலா போட்டு எண்ணையே மாற்றிவிட்டுத்தான் கூட்ட வேண்டும்.

சின்னப் பின்னம்தானே என்று நினைப்பவர்களுக்கு கனடாவின் வான்கூவர் பங்குச்சந்தையின் கதை இருக்கிறது. 1982 ஜனவரியில் அவர்கள் ஒரு பங்கு விலைக் குறியீட்டை 1,000 இல் தொடங்கினார்கள். ஒவ்வொரு வியாபாரத்துக்கும் புதிதாகக் கணக்கிடும்போது மூன்றாவது தசம இடத்துக்குப் பின்னால் இருப்பதை ரவுண்ட் செய்யாமல் வெட்டிவிட்டார்கள். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை. 1983 நவம்பரில் குறியீடு 524 இல் நின்றது. சரியாகக் கணக்கிட்டபோது 1,098 வந்தது. பாதிக்கு மேல் காணாமல் போனது சந்தை விழுந்ததால் இல்லை.

லோடு_கணக்கு எழுதியது:

எக்செல் பற்றி நானும் ஒன்று. வாட்ஸ்அப்பில் வந்ததை ஒட்டினால் சில எண்கள் எழுத்தாக ஏறிவிடும். கட்டத்தின் மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் தெரியும், எண் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். சம் ஃபார்முலா அவற்றை விட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் கூட்டும். பேங்க் கணக்கு எண்ணுக்கு நேர்மாறு. அதை எழுத்தாகத்தான் வைக்க வேண்டும். எக்செல் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும், 16 வது இலக்கம் பூஜ்யமாகிவிடும்.

நிகரத்தொகை எழுதியது:

கடைசி வரிக்குக் கீழே புதிய ஆளைச் சேர்த்தால் கூட்டல் எல்லைக்குள் அவர் வராமல் போவதும் உண்டு. பெரிய ஆட்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2010 இல் ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள், அரசின் கடன் நாட்டின் ஆண்டு மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்று எழுதினார்கள். பல நாட்டு அரசியல்வாதிகள் அதை மேற்கோள் காட்டினார்கள். 2013 இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைத் திரும்பப் போட்டார், விடை வரவில்லை. அவர்களிடமே எக்செல் ஃபைலைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது சராசரி எடுத்த எல்லை ஐந்து வரி முன்னாலேயே நின்றிருந்தது. ஐந்து நாடுகள் கணக்கிலேயே இல்லை. வேறு குறைகளும் இருந்தன. எல்லாவற்றையும் திருத்தியபோது அப்படிக் கடன் மிகுந்த நாடுகளுக்கு மைனஸ் 0.1 சதவீதம் என்றிருந்த சராசரி வளர்ச்சி 2.2 சதவீதம் ஆனது.

நான் இதில் பார்ப்பது, அந்த மாணவர் அவர்களுடைய தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. தானே முதலிலிருந்து போட்டுப் பார்த்தார்.

மலைக்கோட்டை எழுதியது:

இவ்வளவு எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் மருத்துவமனையில் ஒருவர் ஏற்றுவார், ஒருவர் சரிபார்ப்பார், ஒருவர் அனுமதிப்பார். மூன்று பேர் பார்த்தால் தப்பு தப்பிக்காது. நூல்கண்டு அவர்கள் முதலாளியிடம் இன்னொரு ஆளைக் கேட்பதுதான் சரியான வழி.

நிகரத்தொகை எழுதியது:

மன்னிக்கவும், இதை நான் ஏற்க மாட்டேன். 2020 ஆகஸ்டில் சிட்டி வங்கியில் நடந்ததைப் பாருங்கள். ரெவ்லான் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு வட்டியாக சுமார் 78 லட்சம் டாலர் அனுப்ப வேண்டும். அனுப்பியது கிட்டத்தட்ட 90 கோடி டாலர், மொத்த அசலும் போய்விட்டது. அங்கேயும் மூன்று பேர். ஏற்றியவரும் சரிபார்த்தவரும் இந்தியாவில் இருந்த ஒப்பந்த நிறுவன ஊழியர்கள், அனுமதித்தவர் அமெரிக்காவில் இருந்த வங்கி அதிகாரி. அசல் வெளியே போகாமல் இருக்கத் திரையில் மூன்று இடங்களில் டிக் போட வேண்டும். அவர்கள் ஒன்றில் மட்டும் போட்டார்கள். மூன்று பேருமே அது போதும் என்று நம்பினார்கள். மறுநாள்தான் தெரிந்தது. திரும்பி வராத சுமார் 50 கோடி டாலருக்காக வழக்கு நடந்து, 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில்தான் வங்கிக்குச் சாதகமானது.

மூன்று பேர் ஒரே திரையைப் பார்த்தால் அது மூன்று சோதனை ஆகாது. அதுவும் நமக்குப் பின்னால் ஒருவர் பார்ப்பார் என்று முதல் ஆளும், முன்னால் ஒருவர் பார்த்திருப்பார் என்று இரண்டாம் ஆளும் இருந்துவிட்டால் ஒருவர் பார்த்த அளவுக்குக்கூட வராது. எங்கள் பிரிவிலேயே இதை நான் அனுபவித்திருக்கிறேன்.

மலைக்கோட்டை எழுதியது:

நீங்கள் சொல்வதை யோசித்துப் பார்த்தேன். எங்கள் இடத்தில் இரண்டாவது ஆள் உண்மையில் என்ன செய்கிறார் என்று இன்று கவனித்தேன். பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கிறார், பில்களைக் கையில் எடுக்கவே இல்லை. நாளையிலிருந்து பில்கட்டைத் தனியாகக் கூட்டி, தன் மொத்தத்தை எழுதிய பிறகுதான் பட்டியலைத் திறக்க வேண்டும் என்று சொல்லப்போகிறேன். முதல் ஆளின் விடை தெரிந்துவிட்டால் நம் கை தானாக அந்த விடையை நோக்கிப் போகிறது.

காசாளர்_ஓய்வு எழுதியது:

நல்ல முடிவு தம்பி. ஆள் கூடுதலாக இல்லாத இடத்துக்கும் ஒன்று சொல்கிறேன். தனியாகப் பார்ப்பவர் கீழிருந்து மேலே பார்க்க வேண்டும். முதல் தடவை போன வழியிலேயே போனால் கண் தன் பழைய ஞாபகத்தையே வாசிக்கும். தொகையை வாய்விட்டு இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள், நான்கு எட்டு இரண்டு சுழி என்று. கணக்குப் போடுவதற்கு முன்பே உத்தேசமாக எவ்வளவு வரும் என்று தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள். 22 டெய்லர், ஆளுக்கு சுமார் 4,500, ஒரு லட்சத்தை ஒட்டி வரும். 540 ரூபாய் தப்பு இதில் மாட்டாது, ஆனால் ஒரு பூஜ்யம் கூடுதலாக விழுந்தால் உடனே தெரியும்.

நூல்கண்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

முதலாளி அண்ணாவிடம் நடந்ததைச் சொன்னேன். கோபப்படவில்லை. பழைய வாரங்களையும் பார் என்றார். கடந்த 12 வார நோட்டுகளை எடுத்து லைன் வாரியாகக் கூட்டினேன். இரண்டு இடங்களில் மொத்தம் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் ஒருவருக்கு 3,950 க்குப் பதில் 3,590, 360 ரூபாய் குறைவு. அவர் ஒடிசாவிலிருந்து வந்த பையன், வந்து கேட்கவே இல்லை. நேரில் போய்ப் பணத்தைக் கொடுத்து, நோட்டையும் காட்டினேன். இன்னொன்றில் 4,360 க்குப் பதில் 4,630, 270 ரூபாய் அதிகமாகப் போயிருக்கிறது. அதை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

நிகரத்தொகை எழுதியது:

கூடுதலாகக் கொடுத்த சம்பளத்தைச் சரிக்கட்டப் பிடித்தம் செய்ய சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் சொல்லாமல் பிடிக்காதீர்கள். தப்பு நம்முடையது. அவரைக் கூப்பிட்டு, எந்த வாரம், என்ன தொகை என்று காட்டி, ஒரே வாரத்தில் பிடிக்கலாமா, இரண்டு மூன்று வாரமாகப் பிடிக்கலாமா என்று கேளுங்கள். சம்பளச் சீட்டில் தனி வரியாகக் காட்டுங்கள். சம்பளத் தொகையைக் குறைத்துப் போட்டால் அந்த வாரத்து நோட்டோடு ஒத்துப்போகாது, அடுத்த வருடம் இன்னொருவர் அதைத் தப்பு என்று தேடிக்கொண்டிருப்பார்.

நூல்கண்டு எழுதியது:

அப்படியே செய்தேன் அண்ணா. மூன்று வாரம், வாரம் 90 ரூபாய் போதும் என்றார். முதலாளி அண்ணா அதைக் கேட்டுவிட்டு, வேண்டாம், கம்பெனி செலவில் எழுதிவிடு என்றார்.

நேற்று சனிக்கிழமை. ஐந்து சூப்பர்வைசர்களும் மொத்தம் போட்டுக் கையெழுத்தோடு நோட்டைக் கொடுத்தார்கள். இரண்டாவது லைனில் 180 ரூபாய் வித்தியாசம் வந்தது. 90 இரண்டு தடவை, ஆகவே இரண்டு வித்தியாசமுள்ள இலக்கங்கள் என்று தேடினேன், நான்கு பெயர்கள்தான் வந்தன. நான்கும் சரியாக இருந்தன. கடைசியில் பார்த்தால் சூப்பர்வைசரின் கூட்டலில்தான் தப்பு. அவரைக் கூப்பிட்டேன், அவரே திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். ஃபைல் 12:40 க்குப் போனது. வழக்கத்தைவிட 25 நிமிடம்தான் தாமதம்.

சாயங்காலம் அந்த ஓவர்லாக் அக்கா தன் துண்டுச்சீட்டோடு வந்து, என் பட்டியலில் தன் வரியைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார். இனி எல்லா வாரமும் வந்து பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.